குறிஞ்சி: இடுகுறியா, காரணக்குறியா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் நீலக்குறிஞ்சியை மதிப்பிட்டுத் தன் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற வரிசையில் வைத்தது. அந்த மதிப்பீட்டில் சேலத்துக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நீலக்குறிஞ்சி இன்று 34 தனித்தனித் தொகுதிகளாக வாழ்கிறது. அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன: நீலகிரி, மூணாறு, பழனி மலை, ஆனைமலை என்று நமக்குப் பழக்கமான இடங்கள். எஞ்சிய ஒன்றே ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில், சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் இருக்கிறது.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. ஏற்காடு மலை. எனவே அங்கே குறிஞ்சி இருக்கத்தானே வேண்டும்? ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குப் பக்கத்தில் மலைகளுக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று வரிசையாக நிற்கின்றன. இலக்கணப்படி அத்தனையும் குறிஞ்சி நிலம்தான். நீலக்குறிஞ்சிச் செடி இருப்பதாக அந்த மதிப்பீட்டில் பதிவாகியிருப்பது சேர்வராயன் மலையில் மட்டும்.

நிலத்துக்கும் பூவுக்கும் ஒரே பெயர். பெயர் ஒன்று என்றால் இரண்டில் எது எதற்குக் கொடுத்தது? எந்தக் காரணத்தால் கொடுத்தது? இந்தக் கேள்வி பழையது. நாம் நினைப்பதைவிட மிகப் பழையது.

இளம்பூரணர் கேட்ட கேள்வி

பள்ளி இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டு வகை படித்திருப்போம். மண், மரம் என்பவை இடுகுறி. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். நாற்காலி, பறவை என்பவை காரணப்பெயர். நான்கு கால் இருப்பதால் நாற்காலி, பறப்பதால் பறவை.

தொல்காப்பியம் காட்டையும் மலையையும் வயலையும் கடற்கரையையும் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்ற நான்கு பெயர்களால் சுட்டுகிறது. அந்த நூலுக்கு முதலில் உரை எழுதியவர் இளம்பூரணர். அவர் இந்த இடத்தில் நின்று, முல்லை, குறிஞ்சி என்பவை இடுகுறியா, காரணக்குறியா என்று தாமே ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார். விடையும் தருகிறார். முழுக் காரணம் சொல்ல முடியாது. ஏகதேச காரணம், அதாவது ஒரு பகுதிக் காரணம், பற்றி முதல் ஆசிரியர் இட்ட பெயர் என்கிறார். காட்டு நிலத்துக்கு முல்லைப்பூவும் மலை நிலத்துக்குக் குறிஞ்சிப்பூவும் சிறந்தவை. அந்தச் சிறப்பே பெயருக்கு வழி என்பது அவர் கருத்து. குறிஞ்சிக்குச் சான்றாக அவர் காட்டுவது குறுந்தொகையின் மூன்றாம் பாடல், தேவகுலத்தார் பாடியது. கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேனீ தேன் சேர்க்கும் மலைநாட்டுக்காரனைப் பற்றிய பாட்டு அது.

இளம்பூரணரின் விடையில் உள்ள எச்சரிக்கை கவனிக்கத்தக்கது. மலையெங்கும் குறிஞ்சி பூத்திருக்கிறது, அதனால் மலைக்குக் குறிஞ்சி என்று பெயர் என அவர் சொல்லவில்லை. மலைக்குரிய ஆயிரம் செடிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயரை முழு நிலத்துக்கும் ஆக்கியிருக்கிறார்கள். காரணம் உண்டு, ஆனால் முழுமையானதன்று என்பதே அவர் சொல்வது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அவற்றில் குறிஞ்சியும் ஒன்று, அவ்வளவுதான். அதே வரிசையில் காந்தளும் வேங்கையும் சண்பகமும் இருக்கின்றன. எந்தப் பூவும் தலைமை ஏற்கவில்லை. தலைமையைத் திணை என்னும் ஏற்பாடுதான் குறிஞ்சிக்குக் கொடுத்தது.

இன்றைய சூழலியலில் இதற்கு நெருங்கிய பழக்கம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரவியலாளர் பிரான்-பிளாங்கே, ஓர் இடத்தில் சேர்ந்து வளரும் செடிகளின் கூட்டத்தை அங்கே சிறப்பாக வளரும் இனங்களைக் கொண்டு அடையாளம் காணும் முறையை வளர்த்தார். ஓக் மரத்தின் பெயர் ஒரு காட்டுக்கே பெயராகிவிடும். அந்தச் செடியைக் கண்டால் மண் எப்படி, ஈரம் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று ஓரளவு ஊகித்துவிடலாம் என்பது அடிப்படை. திணை என்பது கவிதைக்கான ஏற்பாடு. காட்டை அளந்து எழுதிய அறிக்கையன்று. ஆயினும் ஒரு செடியை முன்நிறுத்தி நிலத்தைச் சொல்லும் உத்தி இரண்டிலும் ஒன்றே. நீலக்குறிஞ்சி ஏறத்தாழ 1,340 முதல் 2,600 மீட்டர் உயரத்துக்குள் வளரும் செடி. அதைப் பார்த்தால் நிற்கும் இடத்தின் உயரத்தை ஒருவாறு சொல்லிவிடலாம். ஏற்காடு ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. மலையின் உச்சி 1,600 மீட்டருக்குச் சற்று மேல். குறிஞ்சியின் எல்லைக்குள் சேர்வராயன் மலை அடங்குகிறது என்றாலும் கீழ் விளிம்பில்தான் அடங்குகிறது.

பெயர் மலையோடும் நிற்கவில்லை. தலைவனும் தலைவியும் கூடும் ஒழுக்கம் குறிஞ்சி. பண்ணுக்கும் யாழுக்கும் குறிஞ்சி என்று பெயர். தேவாரத்தின் குறிஞ்சிப் பண் இன்று அரிகாம்போதியில் பாடப்படுகிறது. கர்நாடக இசையில் குறிஞ்சி என்றே வழங்கும் இராகமோ சங்கராபரணத்தின் வழி வந்தது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்', ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' என்று நாவல்களுக்கும் பெயர் ஆயிற்று. 'குறிஞ்சி மலர்' படித்தவர்கள் பலர் தம் பிள்ளைகளுக்கு அதன் மாந்தர்களான அரவிந்தன், பூரணி பெயர்களை வைத்தார்கள். இப்போது குறிஞ்சி என்றே பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஒரு செடியின் பெயர் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

எந்தக் குறிஞ்சி?

இங்கே ஒரு சிக்கல். குறிஞ்சி என்பது ஒரே செடியின் பெயரா?

கேரளத்து வைத்தியர்கள் கருங்குறிஞ்சி என்ற ஒரு செடியை மூட்டுவலித் தைலத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அது நீலக்குறிஞ்சியன்று, அதன் நெருங்கிய உறவு. தமிழ் அகராதியில் குறிஞ்சி என்ற சொல்லுக்கு எதிரே செம்முள்ளியும் நிற்கிறது. வேலியோரங்களில் முள்ளோடு மஞ்சளாகப் பூக்கும் அந்தச் செடி தூரத்து உறவு. கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஆக, குறிஞ்சி என்பது முதலில் ஒரு கூட்டத்துக்கான பெயராக வழங்கி, நீலம் என்ற அடைமொழி சேர்ந்தபோது ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சுட்டியது என்று கொள்வதே பொருத்தம்.

இப்படிக் கொண்டால் ஒரு முடிச்சும் அவிழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியை மலையின் அடையாளமாகத் தேர்ந்தெடுப்பானேன்? ஆண்டுதோறும் தீயெனப் பூக்கும் காந்தளோ வேங்கையோ வசதியாக இருந்திருக்குமே? தேவகுலத்தாரின் பாடலில் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இல்லை. தண்டின் கருமையும் தேனும்தான் இருக்கின்றன. குறிஞ்சிக் கூட்டத்தில் ஆண்டுதோறும் பூப்பவை உண்டு. ஏழு, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவையும் உண்டு. மகாராட்டிரத்து மலைகளில் கார்வி என்ற இனம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மலையில் ஏதாவது ஒரு குறிஞ்சி பூக்காத காலம் குறைவு.

ஏற்காட்டில் புதரோரம் நீலமாக மணிபோல் ஒரு பூ தொங்கினால் 'குறிஞ்சி பூத்துவிட்டது' என்று படம் பரவுவதும் இதனால்தான். கூட்டப் பெயரில் பார்த்தால் அது பொய்யன்று. இனப் பெயரில் பார்த்தால் பெரும்பாலும் மெய்யுமன்று. நீலக்குறிஞ்சியை உறுதிசெய்ய இடத்தைப் பார்க்க வேண்டும், இலையைப் பார்க்க வேண்டும். அது நிழலை விரும்பாது. திறந்த புல்வெளிச் சரிவில் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு அடர்ந்து நிற்கும். காற்றுத் தடுப்புள்ள இடத்தில் ஆள் உயரத்தையும் தாண்டும். இலை தடித்தது. நரம்புகள் ஆழமாகப் பதிந்திருக்கும். பூ விரியும்போது வெளிர் நீலம். வயதாக ஆக ஊதா கூடும்.

குந்தி ஆறும் பெர்லின் பேராசிரியரும்

நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. கேரளத்தின் சைலண்ட் வேலி வழியாகக் குந்திப்புழா என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரைமலைகளில் இந்தச் செடி இருக்கிறது. அதனால் குந்தியானா என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பாண்டவரின் தாயும் கூடவே வந்துவிடுகிறாள். ஆனால் உண்மை வேறு.

கிறிஸ்டியான் நீஸ் ஃபோன் ஏசன்பெக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1832-இல் இந்தச் செடியை விவரித்தார். கல்கத்தா தாவரத் தோட்டத்தின் நத்தானியேல் வாலிச் வெளியிட்ட ஆசியச் செடிகள் பற்றிய பெருநூலில் அந்த விவரம் வந்தது. நீஸ் சூட்டிய பெயர் ஃப்ளெபோஃபில்லம் குந்தியானம். இரண்டாம் பாதி, அவருடைய காலத்து அறிஞர் கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் (1788–1850) என்பவருக்கு மரியாதை. குந்த், அலெக்சாண்டர் ஹும்போல்ட்டும் போன்பிளானும் தென்னமெரிக்காவில் சேகரித்த செடிகளைப் பாரிசில் அமர்ந்து வகைப்படுத்தியவர். பின்னர் பெர்லினில் பேராசிரியர். அவருக்கும் குறிஞ்சி பூக்கும் மலைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆளின் பெயரோடு 'இயானா', 'இயானம்' என்று விகுதி சேர்ப்பது தாவரவியலில் ஆளைச் சிறப்பிக்கும் வழக்கம்.

முதல் பாதியைப் பாருங்கள். ஃப்ளெபோஃபில்லம் என்றால் கிரேக்கத்தில் நரம்பிலை. இலையில் நரம்பு ஆழமாகப் பதிந்திருப்பதைக் கண்டு இட்ட பெயர். இளம்பூரணர் மொழியில் சொன்னால் முன்பாதி காரணக்குறி, பின்பாதி இடுகுறி. பின்னாளில் கல்கத்தாவில் இருந்த தாமஸ் ஆண்டர்சன் இதை ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். அந்தப் பேரினப் பெயரும் காரணத்தோடு வந்ததே: பூங்கொத்தின் அடுக்கடுக்கான செதில்கள் பைன் காயைப் போலக் கூம்பி இருப்பதால் கூம்புப்பூ. பேரினம் மாறினாலும் பழைய இனப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்பது தாவரப் பெயரிடல் விதி. ஆக, செடியின் இலையைப் பார்த்து இட்ட பாதி உதிர்ந்தது. செடியைப் பற்றி எதுவும் சொல்லாத பாதி நிலைத்தது. நீண்டகாலம் குந்தியானஸ் என்று ஆண்பாலில் எழுதப்பட்டது. இப்படி '-anthes' என்று முடியும் பேரினங்கள் பெண்பால் என்று விதி இருப்பதால் இப்போது குந்தியானா.

இதில் குறை காண ஒன்றுமில்லை. பெயர் ஒரு செடியைச் சுட்டுவதற்கான கருவி. அதன் குணத்தையோ வரலாற்றையோ சொல்வது பெயரின் வேலையன்று என்று பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. தெளிவான இடுகுறிக் கொள்கை. ஆனாலும் மனிதமனம் காரணம் இல்லாத பெயரைப் பொறுப்பதில்லை. குந்தியானா என்றதும் குந்தி ஆற்றைத் தேடி எடுத்துக்கொள்கிறது. நீலகிரிக்குக் குறிஞ்சியின் நீலத்தால் பெயர் வந்தது என்பதும் இப்படிப்பட்ட விளக்கம்தான். நீலமலை என்ற பெயர் 12-ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே இருக்கிறது. தூரத்து மலை எதுவும் காற்றில் ஒளி சிதறுவதால் நீலமாகத்தான் தெரியும். பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை.

பன்னிரண்டு ஆண்டு ஏன்?

நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டுகள் 1838 முதல் பதிவாகியிருக்கின்றன. பழனி மலையிலும் மூணாற்றிலும் கடைசியாகப் பெருவாரியாகப் பூத்தது 2018. இடையில் 180 ஆண்டு, சரியாகப் பதினைந்து சுற்று. ஆனால் எல்லா மலையும் ஒரே நாள்காட்டியில் இல்லை. 2022-இல் சிக்கமகளூரு பக்கத்து மலைகளிலும் இடுக்கியின் சாந்தன்பாறையிலும் பூத்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக் கணக்கு. எனவே ஒரு மலையில் பூத்த ஆண்டை வைத்து இன்னொரு மலைக்கு நாள் குறிக்க முடியாது.

செடியின் வாழ்க்கை எளிது. மழையில் முளைக்கிறது. பத்துப் பதினொரு ஆண்டு இலையும் தண்டுமாகவே வளர்கிறது. பிறகு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஒரே பருவத்தில் சரிவு முழுவதும் பூத்து, காய்த்து, விதை சிதறி, செத்துப்போகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு. வாழை குலை தள்ளிச் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் வாழைக்குப் பக்கக்கன்று உண்டு, குறிஞ்சி விதையை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த விதைகள் எல்லாம் ஒரே மழையில் முளைப்பதால் அடுத்த தலைமுறையும் ஒரே வயது. ஒத்த வயது, ஒத்த காத்திருப்பு, ஒத்த பூப்பு என்று சுற்று தொடர்கிறது.

ஆண்டுதோறும் கொஞ்சம் பூத்தால் என்ன? விதை தின்னும் பறவைகளும் எலிகளும் பூச்சிகளும் இருக்கின்றன. ஆண்டுக்குக் கொஞ்சம் என்று விதை விழுந்தால் அத்தனையும் அவற்றின் வயிற்றுக்குப் போகும். அவையும் அந்த வரும்படியை நம்பிப் பெருகும். பதினொரு ஆண்டு பட்டினி போட்டு, பன்னிரண்டாம் ஆண்டு தின்று தீராத அளவு கொட்டினால், தின்பவை தின்றாலும் மிச்சம் முளைக்கும். மூங்கில் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்து பூக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1976-இல் இந்த விளக்கத்தைத்தான் விரிவாக வைத்தார். 13 ஆண்டும் 17 ஆண்டும் மண்ணுக்குள் இருந்து ஒருசேர வெளிவரும் அமெரிக்கச் சில்வண்டுகளுக்கும் இதே கணக்கு. கூட்டத்தை விட்டு ஓராண்டு முந்தியோ பிந்தியோ பூக்கும் செடிக்கு இரட்டை நட்டம்: மகரந்தம் கொடுக்கத் துணை இல்லை, காய்த்த கொஞ்சத்தையும் விதை தின்பவை தின்றுவிடும். இப்படித் தவறுகிறவை வாரிசில்லாமல் போவதால் எஞ்சியவற்றின் கணக்கு கூராகிக்கொண்டே வருகிறது.

மகரந்தத்துக்கு இந்தியத் தேனீ முக்கியத் துணை. பூத்த பருவத்தில் பல கிலோமீட்டருக்கு ஒரே பூ என்பதால் தேனும் ஒரே பூவின் தேனாகச் சேர்கிறது. தேவகுலத்தாரின் பாடல் சொல்லும் தேன் கற்பனையன்று.

காய் சிறியது, உலர்ந்தால் இரண்டாகப் பிளக்கும். அதற்குள்ளே ஒவ்வொரு விதைக்கும் கீழே சின்னக் கொக்கி ஒன்று இருக்கிறது. காய் பிளக்கும் வேகத்தில் கொக்கி விதையைச் சுண்டி எறியும். கனகாம்பரக் காயில் தண்ணீர் பட்டதும் படபடவென வெடிப்பதையும், பள்ளிக்கூடத்து மைதானத்தோரம் 'பட்டாசுக்காய்' என்று எச்சில் தொட்டு வெடிக்கவிடும் காயையும் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் குறிஞ்சியின் குடும்பம், அதே கொக்கி. இந்தச் சுண்டலில் விதை சில அடி தூரம் போகும். பஞ்சு இல்லை, இறகு இல்லை, பறவை விழுங்கி எடுத்துச்செல்லச் சதைப்பழமும் இல்லை.

ஏற்காட்டுக்கு எப்படி வந்தது?

சில அடி தூரம் தெறிக்கும் விதை. நீலகிரியின் கிழக்கு விளிம்பிலிருந்து ஏற்காட்டுக்கு வான்வழியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நடுவே ஈரோடு, சேலம் சமவெளியும் காவிரியும். குறிஞ்சி எப்படித் தாண்டியது?

விடையைப் பழைய காலநிலையில் தேட வேண்டும். நீலகிரிச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மக்கிய மண்ணின் கரிமத்தை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புல்வகையும் மரவகையும் கரிமத்தை வேறு வேறு விகிதத்தில் பிடித்துவைக்கும். படிவை அடுக்கடுக்காகச் சோதித்தால் எந்தக் காலத்தில் புல் ஓங்கியது, எப்போது காடு ஓங்கியது என்று தெரியும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரி வறண்டு புல்வெளி ஓங்கியிருந்தது என்று அந்தப் படிவு சொல்கிறது.

இதோடு ஒரு சின்னக் கணக்கு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மலைகளில் வெப்பம் 5 டிகிரி குறைந்தது என்று வைத்துக்கொண்டால், குளிர்விரும்பிச் செடிகளின் எல்லை ஏறத்தாழ 770 மீட்டர் கீழே இறங்கும். இன்று 1,340 மீட்டருக்குக் கீழ் வாழாத குறிஞ்சிக்கு அன்று 600 மீட்டர்கூட ஏற்ற இடம். பர்கூர் மலை, மேட்டூருக்கு அருகில் பாலமலை என்று வழியில் நிற்கும் மலைகள் எல்லாம் தாவுகல்லாகப் பயன்பட்டிருக்கும். சேலத்துச் சமவெளி 300 மீட்டருக்கும் கீழே என்பதால் இடைவெளி முற்றும் மூடியிருக்காது; ஆனால் மிகவும் குறுகியிருக்கும். பிறகு பூமி சூடேறியது. இடையிலிருந்த மலைகளில் குறிஞ்சி உச்சிக்கு ஏறி, ஏற மேலும் இடமில்லாமல் மறைந்திருக்கும். 1,600 மீட்டர் உயரம் கொண்ட சேர்வராயன் மலையில் தங்கியிருக்கும். இப்படி உயரத்தில் ஒதுங்கிய வாழிடங்களை வானத்தீவு என்பார்கள்.

தீவில் தனித்து நின்ற உயிர்கள் காலப்போக்கில் தனி இனமாவதும் உண்டு. அதற்கும் இந்த மலை சான்று. பாறையிடுக்கில் வாழும் ஒரு குட்டிப் பல்லியினம் 2000-இல் 'ஏற்காடென்சிஸ்' என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. அதன் உறவினம் ஒன்றுக்கு 2019-இல் 'ஷெவராயென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். செடியிலும் ஒன்று உண்டு: சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள ஒரு சிறுமரத்தை வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்றார். முன்பாதி வில்லியம் வெர்னன் என்ற ஆங்கிலச் செடி சேகரிப்பாளரின் பெயர். பின்பாதியில் மலை உச்சிக் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயன் இருக்கிறார். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வந்து வணங்கும் அந்தச் சாமியின் பெயர், ஆங்கிலேயர் வாயில் 'ஷெவராய்' ஆகி, லத்தீன் விகுதி ஏற்று, ஒரு பூமரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

திசையைக் கவனியுங்கள். திணையில் செடியின் பெயர் நிலத்துக்குப் போனது. இங்கே நிலத்தின் பெயர் செடிக்கு வந்தது. இரண்டு திசையிலும் காரணம் ஒன்று: இந்த உயிர் இந்த இடத்துக்கு உரியது. ஏற்காடு என்ற பெயரும் ஏரியும் காடும் சேர்ந்தது. மலையாளி என்பது மலையில் வாழும் ஆள். இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்கிறவர்கள். கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் பெயர் மட்டுமே பொது.

காரணம் கழன்றுபோனால்

காரணப்பெயருக்கு ஒரு பலவீனம் உண்டு. காரணம் போனாலும் பெயர் போவதில்லை. ஏரியைத் தூர்த்துக் கட்டிய பேருந்து நிலையத்துக்கும் ஏரிக்கரை என்றே பெயர் இருக்கும். அப்போது அது இடுகுறியாகிவிடுகிறது; ஏன் அந்தப் பெயர் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

நீலக்குறிஞ்சியின் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது என்கிறது சிவப்புப் பட்டியல் மதிப்பீடு. தேயிலை, மென்மர வளர்ப்பு, ஊர் விரிவு, அயல்செடிகளின் பரவல் ஆகியவை காரணங்கள். சேர்வராயன் மலையில் கதை காப்பியில் தொடங்குகிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியையும் பேரி போன்ற பழமரங்களையும் இங்கே கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. அந்த மரத்தின் அறிவியல் பெயரான கிரெவில்லியாவும் கிரெவில் என்ற ஆங்கிலேயரின் பெயர்தான். மலையின் தட்டையான உச்சிகளில் பாக்சைட் வெட்டினார்கள். பிறகு விடுதிகளும் வீட்டுமனைகளும் வந்தன.

நீலக்குறிஞ்சிக்கு மரம் எதிரி. மர நிழலில் அது வாழாது. புல்வெளியைப் பார்த்து 'வெறும் தரை' என்று நினைத்து மரக்கன்று நடுவது நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு. மேற்கே ஒரு தொகுதி அழிந்தால் 32 எஞ்சும். கிழக்கே ஒன்று அழிந்தால் கிழக்குத் தொடர்ச்சி மலையில் எதுவும் எஞ்சாது. பக்கத்து மலையிலிருந்து விதை வந்து சேரவும் வழியில்லை. அப்படி ஒரு வழி இருந்திருந்தாலும் அது பனியுகத்தோடு மூடிவிட்டது.

சட்டம் துணைக்கு வந்திருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டுள்ளது. பிடுங்கினால் சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் பூத்த ஆண்டில் பறிக்காமல் காப்பது எளிய பாதி. அப்போது காவலர் இருப்பார், கூட்டம் இருக்கும், எல்லோருக்கும் அது குறிஞ்சி என்று தெரியும். கடினமான பாதி நடுவே உள்ள பதினொரு ஆண்டு. அப்போது அது வெறும் புதர். பாதை போடுகிறவரும் மனை சீர்செய்கிறவரும் பூ இல்லாத செடியைக் குறிஞ்சி என்று அறிய மாட்டார்கள். ஆறாம் ஆண்டில் வேரோடு போன செடி ஒரு விதைகூட இடாமல் போகிறது. ஆபத்து பெயர் தெரியாத ஆண்டுகளில்தான்.

இந்தச் செடிக்குப் பெயரும் அடைமொழியும் இட்ட பழையவர்கள் இருவரையும் இங்கே நினைக்க வேண்டும். தேவகுலத்தார் தண்டைப் பார்த்து, கரியது என்றார். நீஸ் இலையைப் பார்த்து, நரம்பிலை என்றார். இரண்டும் பன்னிரண்டு ஆண்டும் கண்ணில் படும் அடையாளங்கள். நாமோ நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சேலத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்காட்டுக்குச் சுற்றுலா வரும்போது, ஐந்திணைப் பாடம் எடுத்த ஆசிரியர் புல்வெளிச் சரிவில் நிறுத்தி, பூவில்லாத குறிஞ்சியை இலையாலும் தண்டாலும் அடையாளம் காட்டலாம். அதற்கு எந்த ஆண்டும் தோதான ஆண்டுதான். அப்படிக் காணத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும்வரை குறிஞ்சி என்ற பெயர் ஏகதேசக் காரணத்தோடாவது நிற்கும்.